இரண்டு ஆணிகளுக்கு நடுவே

என் மனைவிக்குக் கால் உடைந்த அன்று ஆரணியில் நல்ல மழை. மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை எடுக்க ஓடியவள், இறங்கும்போது கடைசிப் படியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். கணுக்காலுக்கு மேலே எலும்பில் விரிசல். ஆஸ்பத்திரியில் முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு போட்டு, காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் காலைப் பற்றி விசாரித்தார்கள். அவளோ, விழுந்தபோதும் துணியைக் கையிலிருந்து விடவில்லை, ஒரு துண்டுகூடச் சேறாகவில்லை என்பதையே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீடு நீளவாக்கில் இருக்கும். தெருப்பக்கம் ஒரு அறை, அதில் அவளுக்குக் கட்டில் போட்டோம். அதைத் தாண்டினால் சமையலறையை ஒட்டி ஒடுக்கமான நடை. நடையின் முடிவில் தறிக்கூடம். அங்கே இரண்டு தறிகள். ஒன்றில் நான் நெய்கிறேன், இன்னொன்றில் அவளுடைய தம்பி. என் மச்சான் நெய்துகொண்டே பேசுவான், பேசிக்கொண்டே பாடுவான். நான் நெய்துகொண்டு நெய்வேன், அவ்வளவுதான்.

பட்டுத்தறி இரண்டும் ஓடும்போது, மேலே பூவேலைக்காக மாட்டிய ஜக்காடு பெட்டி ஏறி இறங்குகிற சத்தத்தில் பக்கத்தில் நின்று பேசுகிறவர் குரலே கேட்காது. முன்னறையில் படுத்திருப்பவள் கூப்பிட்டால் எப்படிக் கேட்கும்? போன் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். முதல் நாள் அதைத்தான் செய்தோம். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அறுந்த ஒரு இழையைத் தேட முன்னால் குனிந்தபோது போன் நழுவி, தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு இழைகளின் மேலே விழுந்தது. ஒரு இழையைத் தேடப் போனவன் அறுந்துபோன ஒரு கொத்து இழைகளைச் சேர்க்க வேண்டியதாயிற்று. பிறகு போனை ஆணியில் தொங்கவிட்ட சட்டையிலேயே விட்டுவிட்டேன். அது அங்கே தனியாக அடித்துக்கொண்டு கிடக்கும்.

அப்படித் தனியாக அடித்த நேரங்களில் ஒன்றில்தான் அவள் பொறுமை இழந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் எழுந்து நின்றிருக்கிறாள். தண்ணீர் குடிக்க வந்த மச்சான் பார்த்துவிட்டு ஓடிப்போய்ப் பிடித்தான்.

"இன்னா அக்கா, இன்னொரு காலும் பேஜார் ஆவணுமா?"

"தொண்ட கிழியக் கத்தினேன். ரெண்டு பேருக்கும் காதுல பட்டு நூல வெச்சி அடச்சிருக்குதா?"

மறுநாள் மச்சான் ஒரு மணியோடு வந்தான். முன்பு அவன் கொஞ்ச காலம் ஒரு ரைஸ் மில்லில் வேலை பார்த்தான். அங்கே பயன்படாமல் கிடந்ததாம். கவிழ்த்த கிண்ணம் போல ஒரு இரும்புக் குமிழ், அதன் ஓரத்தில் ஒரு சின்னச் சுத்தி. டார்ச்சுக்குப் போடும் பெரிய செல் இரண்டு வைத்தால், ஊரைக் கூட்டும் சத்தம் போட்டது. செல்லுக்கு ஒரு பெட்டி, அழுத்துவதற்கு ஒரு சுச்சு, இரட்டை ஒயர். பெட்டியும் சுச்சும் அவள் தலைமாட்டில். அங்கிருந்து ஒயர் நடை வழியாக ஓடி, என் தறிக்கு மேலே இருக்கும் மணிக்குப் போகும். பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார் மேசைமேல் வைத்துக் காட்டியதும் இதுதான். செல், சுச்சு, பல்பு, ஒயர். இங்கே பல்புக்குப் பதில் மணி.

"அக்காவுக்குத் தொண்டையிலயே ஒரு மணி கீது. அதுக்கு மேல இது ஒண்ணு," என்றான் மச்சான்.

"நீ மாட்டு மொதல்ல. மாட்டிட்டு பேசு."

ஒயர் போதவில்லை. நடையில் பாதி தூரத்திலேயே முடிந்துவிட்டது. வீட்டில் கிடந்த இன்னொரு துண்டை எடுத்து வந்தேன். இரண்டையும் சேர்க்க வேண்டும். மச்சான் ரப்பரை உரிக்கப் போனான். கட்டிலில் இருந்தபடி அவள் கையை நீட்டினாள்.

"இங்க கொண்டா. நான் பிணைச்சிக் குடுக்கறேன்."

இங்கே அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் வேலை பாவு பிணைப்பது. தறியில் ஒரு பாவு நெய்து முடிந்ததும், அதன் வாலை அப்படியே விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை அதனோடு ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். முடிச்சுப் போட்டால் சீப்பு போல இருக்கும் அச்சுக்குள் நுழையாது. அதனால் இரண்டு நுனிகளையும் சேர்த்துப் பிடித்து, விரலில் சாம்பலைத் தொட்டு, ஒரு உருட்டு உருட்டி மடக்கித் தேய்ப்பார்கள். சாம்பல் இருந்தால்தான் வழவழப்பான பட்டு விரலுக்கும் அடங்கும், ஒன்றையொன்று பிடித்தும் நிற்கும். ஆயிரக்கணக்கான இழைகள். எங்கள் தெருவில் அவளைவிட வேகமாகப் பிணைக்கிறவர்கள் இல்லை. அவள் பிணைத்த பாவில் ஒரு இழை விட்டுப்போனது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஊர்க்கதை முழுவதும் பேசிக்கொண்டே பிணைப்பாள். கை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

கட்டிலில் விழுந்த பிறகு அந்தக் கைக்கு வேலை இல்லை. போர்வை நூலைப் பிரிப்பதும், முந்தானை ஓரத்தை முறுக்குவதுமாக இருந்தாள். எனவே ஒயரைக் கொடுத்ததும் முகமே மாறிவிட்டது. ரப்பரைப் பல்லால் கடித்து உரித்தாள். உள்ளே தலைமயிர் போல செம்புக் கம்பிகள். மொத்தமாகச் சேர்த்து முறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அவள் பிரித்தாள். இந்தப் பக்கத்து இழை ஒன்று, அந்தப் பக்கத்து இழை ஒன்று. தலையணைக்கு அடியிலிருந்து சாம்பல் டப்பா வந்தது. சலித்த அடுப்புச் சாம்பல். தொட்டாள், உருட்டினாள், மடக்கினாள், அடுத்தது. நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மச்சான் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் இருவருக்கும் அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. இழையைச் சேர்க்கிறார்கள் என்றால் விரலில் சாம்பல் இருக்கும். எங்களுக்கு அது கையோடு பிறந்த மாதிரி.

முடித்தபோது, சேர்த்த இடம் எது என்று தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒயரைவிடத் தடிமனாக இல்லை. அதன்மேல் கறுப்பு டேப்பைச் சுற்றி, நடைச் சுவரில் இந்தப் பக்கம் ஒரு ஆணி, அந்தப் பக்கம் ஒரு ஆணி அடித்து ஒயரைக் கட்டினேன். அவள் சுச்சை அழுத்தினாள். மணி அடித்த வேகத்தில் என் தறிமேல் இருந்த பல்லி கீழே விழுந்தது.

அதற்குப் பிறகு சில நாட்கள் நாங்கள் மணியின் ஆட்களாக இருந்தோம். தண்ணீருக்கு ஒரு மணி. டிவி ரிமோட் கட்டிலுக்குக் கீழே விழுந்தால் ஒரு மணி. தெருவில் யாரோ புதுப் புடவை கட்டிக்கொண்டு போகிறார்கள், வந்து பாருங்கள் என்று ஒரு மணி. ஒருமுறை நான் ஓடிப்போய் நின்றபோது, "ஒண்ணுமில்ல, அடிக்குதான்னு பாத்தேன்," என்றாள்.

பிறகு மணியின் குரல் இறங்க ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம் கம்மல். பிறகு சுத்தி குமிழைத் தொடாமல் கிர்ரென்று வண்டு மாதிரி ஆடியது. மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் அதுவும் இல்லை. நான் சாப்பிடப் போனபோது அவள் சுச்சை அழுத்தியபடியே தூங்கிப்போயிருந்தாள். பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு காலியாக இருந்தது.

பஜாரில் எலக்ட்ரிக் கடைக்குப் போனேன். எனக்குக் கடைக்குப் போவது அவ்வளவு எளிது இல்லை. இதுவரை வீட்டுக்கு வேண்டியதைக் கேட்டு வாங்குவது எல்லாம் அவள்தான். கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நின்றேன். குறைந்தபோது கடைக்காரரே பார்த்துவிட்டார்.

"இன்னாண்ண, வந்து ரொம்ப நேரமா நின்னுகினு கீறீங்க?"

"மணி... அடிக்க மாட்டேங்குது."

"செல்லு போட்ட மணியா? செல்லு தீந்திருக்கும்." இரண்டு செல்லை எடுத்து வைத்தார். ஒயரைப் பற்றி, வண்டுச் சத்தத்தைப் பற்றி, மழையைப் பற்றிச் சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். தலையை ஆட்டிவிட்டு செல்லை வாங்கிக்கொண்டு வந்தேன்.

புதுச் செல்லுக்கும் மணி பேசவில்லை. மறுபடி போனேன். "அப்ப சுச்சுதான்," என்று சொல்லி ஒரு சுச்சைக் கொடுத்தார். அதற்கும் தலையை ஆட்டினேன். வீட்டில் அதை மாட்டி அழுத்திப் பார்த்தோம். ஒன்றும் இல்லை.

மச்சானுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மாமா, இன்னொரு தபா போங்க. கடக்காரர் புதுசா அக்காவையே மாத்திக் குடுத்துடுவாரு."

அப்போது எதிர்வீட்டு அம்மா வந்திருந்தார்கள். ஒரு தூக்கில் கோழிக்குழம்பு கொண்டுவந்து கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வீட்டுத் தறியில் பாவு முடியப்போகிறது. புதுப் பாவு சுற்றித் தயாராக இருக்கிறது. மாவுக்கட்டு பிரித்ததும் என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து பிணைத்துக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் எண்ணம். அதுவரைக்கும் பொறுத்திருக்கிறோம், வேறு ஆளைக் கூப்பிடவில்லை என்று வரும்போதெல்லாம் சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் என் மனைவி விரல்களைத் தேய்த்துக்கொள்வாள்.

மச்சான் வாய் சும்மா இருக்கவில்லை. "செல்லு புதுசு, சுச்சு புதுசு. இன்னா பாக்கி? அக்கா பிணைச்சதுதான் பாக்கி. அதான் போயிருக்கும்."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் முகம் சிவந்துவிட்டது.

"இன்னாடா சொன்ன?"

"இல்லக்கா, படுத்தே கெடக்கற இல்ல, கை கொஞ்சம்..."

"கை கொஞ்சம் இன்னா? சொல்லு. உன் தறியில ஓடுதே, அந்தப் பாவ யாரு பிணைச்சது? உங்க மாமா தறியில யாரு பிணைச்சது? என் பிணைப்பு போயிருந்துச்சுன்னா, இனிமே நான் பாவயே தொட மாட்டேன். அம்மா, நீங்களே சாட்சி. போயிருந்தா நீங்க வேற ஆள வெச்சிக்குங்க."

எதிர்வீட்டம்மா, "அய்ய, எதுக்கு இந்தப் பேச்செல்லாம்? குழம்பு ஆறுது, சாப்புடு," என்றார்கள். ஆனால் சொன்னது சொன்னதுதான். மச்சான் தறிக்குப் போய்விட்டான். அவள் கோபத்தில் சொன்ன எதையும் திரும்ப வாங்கிக்கொள்பவள் இல்லை. முன்பு ஒருமுறை ஒரு வீட்டில் காபி ஆறிப்போனதாகக் கொடுத்தார்கள் என்று அந்த வீட்டில் காபி குடிப்பதை நிறுத்தினாள். இன்றுவரை அங்கே போனால் மோர்தான்.

மறுநாள் காலையில் வெயில் வந்தது. மச்சான் ஏதோ வேலையாக சந்தவாசல் பக்கம் போயிருந்தான். தறியை நிறுத்திவிட்டு மணியைக் கழற்றி எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தேன்.

"இன்னா, அதைக் கடையிலயே குடுத்துடப் போறீங்களா?"

"இரு, பாக்கறேன்."

தறியில் குற்றம் வந்தால் நாங்கள் துணியில் ஆரம்பித்துப் பின்னால் போவோம். துணியில் கோடு விழுந்த இடம், அதற்கு நேரே அச்சு, அதற்குப் பின்னால் இழைகளைத் தூக்கி இறக்கும் விழுது, அதற்கும் பின்னால் பாவு. இழை ஒரே வழியில்தான் வருகிறது. அந்த வழியில் எங்கோதான் அறுந்திருக்கும். மின்சாரமும் ஒரு வழியில்தான் வர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பெட்டியிலிருந்து இரண்டு செல்லையும் எடுத்து, மணியோடு நேராகத் தொட்டேன். அறையே அதிர்ந்தது. அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"மணி நல்லாக் கீது," என்றேன்.

"அது எனக்கே தெரியுதே!"

செல்லும் நல்ல செல். சுச்சைப் பிரித்து, உள்ளே இருந்த இரண்டு தகடுகளையும் ஒரு கரண்டிக் காம்பால் சேர்த்துப் பார்த்தேன். செல்லைப் பெட்டியில் போட்டு, மணியையும் திரும்ப மாட்டியிருந்தும் தறிக்கூடத்தில் சத்தமில்லை. அப்படியென்றால் சுச்சு மேலும் குற்றமில்லை. மிச்சம் இருப்பது ஒயர்தான். அது வீட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுகிறது. ரப்பர் மூடியிருக்கும்போது உள்ளே எங்கே அறுந்தது என்று எப்படித் தெரியும்?

டார்ச் லைட்டைக் கழற்றி அதன் குட்டி பல்பை எடுத்தேன். அதற்கு இரண்டு சிறு கம்பிகளைக் கட்டி, கம்பிகளின் நுனியில் இரண்டு தையல் ஊசிகளைக் கட்டினேன். ஊசியை ஒயரின் ஒவ்வொரு கம்பியிலும் ரப்பர் வழியாகக் குத்தினால் உள்ளே செம்பைத் தொடும். அதுவரைக்கும் மின்சாரம் வந்திருந்தால் பல்பு எரியும். ஒயரை வெட்ட வேண்டியதில்லை.

இதை அவளிடம் விளக்க நான் பட்ட பாடு தனி. கடைசியில் அவளே, "நான் அமுக்கிகினே இருக்கணும், நீங்க குத்திகினே போவணும். அதானே? போங்க," என்றாள்.

அவள் அறை வாசலில் குத்தினேன்.

"எரியுதா?" கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"எரியுது."

நடைக்கு வந்தேன். சமையலறை வாசலருகே குத்தினேன்.

"எரியுதா?"

"எரியுது."

"நல்லா எரியுதா, சும்மா மினுக்குதா?"

"நல்லா எரியுது."

நடைச் சுவரில் முதல் ஆணி இருந்த இடத்தில் குத்தினேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. சொன்னேன். பிறகு டேப் சுற்றிய இடத்தைத் தாண்டி, இரண்டாவது ஆணிக்குப் போய்க் குத்தினேன்.

"எரியுதா?"

பல்பு எரியவில்லை. கையால் மறைத்துப் பார்த்தேன். உள்ளே இழை லேசாகச் சிவந்திருந்தது, அணைந்துபோகிற ஊதுபத்தி மாதிரி.

"ஏங்க, எரியுதா?"

நான் முதல் ஆணிக்குத் திரும்பிப் போனேன். எரிந்தது. இரண்டாவது ஆணிக்கு வந்தேன். எரியவில்லை. இரண்டு ஆணிகளுக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும். அந்த ஒரு முழத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு அப்போதும் புரியவில்லை என்றால் நம்புவீர்களா? சுவரில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். ஆணி ஒயரைக் கிழித்திருக்கிறதா என்று பார்த்தேன். ஊசி மழுங்கிவிட்டதோ என்று விரலில் குத்திப் பார்த்தேன், ரத்தம் வந்தது. டேப்பின்மேல் கை பட்டபோதுகூட, அதைத் தாண்டித்தான் தேடினேன். அவள் பிணைத்த இடத்தில் அறுந்திருக்கும் என்று எங்கள் தெருவில் யாருக்கும் தோன்றாது.

"இன்னா, பேச்சு மூச்சே காணோம்? கையி வலிக்குதுங்க. அமுக்கிகினே கெடக்கறேன்."

"விட்டுடு," என்றேன்.

கத்தரிக்கோலால் டேப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டினேன். அந்தத் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பிறகு ஒயர் முனைகளை உரித்து, பளபளவென்று சுரண்டி, நான்கு முறுக்காக முறுக்கினேன். ஒயர் எட்டாமல் இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. பார்க்க நாய் வால் மாதிரி இருந்தது. டேப் சுற்றிவிட்டு, "அமுக்கு," என்றேன்.

தறிக்கூடத்தில் மணி முழுக்குரலில் அடித்தது. அவள் விடாமல் அடித்தாள். அவள் சிரிக்கும் சத்தம் நடைக்கே கேட்டது.

சட்டைப்பையில் இருப்பதை அப்படியே கொண்டுபோய்க் குப்பையில் போட்டுவிடலாம். செல் பெட்டியில் துரு இருந்தது என்று சொல்லலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. எதிர்வீட்டுப் பாவும் காத்துக்கொண்டிருக்கிறது. இப்படி நினைத்துக்கொண்டேதான் முன்னறைக்குப் போனேன். ஆனால் பொய் சொல்வதற்கும் பேச வேண்டுமே.

"இன்னா கோளாறு?" என்று கேட்டாள்.

"நடையில..."

"நடையில இன்னா?"

என் கை சட்டைப்பைக்குப் போனதைப் பார்த்துவிட்டாள். சிரிப்பு நின்றது. உள்ளங்கையை நீட்டினாள். துண்டை அதில் வைத்தேன்.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நகத்தால் டேப்பின் ஓரத்தைத் தூக்கி உரித்தாள். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய செம்பு பச்சைப் பாசி படர்ந்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு இழையின் மடிப்பிலும் சாம்பல் ஈரத்தில் குழைந்து, காய்ந்து, களிம்பாக ஏறியிருந்தது. இழைக்கும் இழைக்கும் நடுவில் சுவர் எழுப்பினதுபோல. அவள் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

"சாம்பலு," என்றாள்.

"ம்."

"நான் சாம்பல தொட்டப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"முனையப் பிடிச்சிகினு இருந்தேன்."

"கரண்டு கம்பிக்கு சாம்பல் தொடறாளேன்னு உங்களுக்குத் தோணலயா?"

"தோணல."

"உங்க மச்சானுக்கு?"

"அவனுக்கும்தான்."

அவள் துண்டின் இரண்டு முனைகளையும் இரண்டு கையிலும் பிடித்தாள். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து இழுத்தாள். வரவில்லை. கையில் சுற்றிக்கொண்டு பல்லைக் கடித்து இழுத்தாள். பிணைப்பு அப்படியே நின்றது.

"நீங்க இழுங்க."

நான் இழுத்தேன். ஒயரின் ரப்பர்தான் நீண்டது. பிணைத்த இடம் நூலிழைகூட நகரவில்லை.

அந்த நேரம் பார்த்து மச்சான் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். பின்னாலேயே காலித் தூக்கை வாங்கிப்போக எதிர்வீட்டம்மா. மணிச் சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கிறது. நாங்கள் இருவரும் ஒரு துண்டு ஒயரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து இருவரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"இன்னா மாமா, கயிறு இழுக்கற போட்டியா?"

என் மனைவி துண்டை அவன்மேல் எறிந்தாள். "நீயும் இழு. பிரி பாக்கலாம்."

அவன் இழுத்தான். காலை ஊன்றி இழுத்தான். முகம் சிவந்தது. பிறகு பச்சையைப் பார்த்தான், டேப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். விஷயம் புரிந்ததும் அவன் முகத்தில் சிரிப்பு கிளம்பி, பாதியில் பயந்து நின்றது. நேற்றுச் சொன்ன வார்த்தை அவனுக்கும் ஞாபகம் இருந்தது.

"அப்ப... இதுலதான் போச்சா?"

"இதுலதான்," என்றாள் அவளே. "கரண்டு இதுலதான் நின்னுகிச்சு. அம்மா, நேத்து உங்க முன்னாடிதான் சொன்னேன். ஒழுங்கா நீங்களே சொல்லுங்க. நான் பாவ தொடலாமா, கூடாதா?"

கேலியாகக் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள். ஆனால் விரல்களைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டிருந்தாள். கூடாது என்று அவர்கள் சொல்லியிருந்தால், அவள் நிச்சயமாகத் தொட்டிருக்கமாட்டாள்.

எதிர்வீட்டம்மா ஒயர்த் துண்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, முனைகளை இழுத்துப் பார்த்தார்கள். பெரிய நியாயம் விசாரிக்கிறவர்கள் மாதிரி ஒன்றும் யோசிக்கவில்லை.

"இத்தினி பேரு இழுத்தும் வரல. இதுக்கு மேல இன்னாடி பிணைப்பு வேணும்? எங்க பாவுல கரண்டா ஓடப்போவுது? பட்டுதான ஓடப்போவுது. நீ நல்லா சாம்பல் தொட்டே பிணை."

மச்சான்தான் முதலில் சிரித்தான். அவனைப் பார்த்து அவள் சிரித்தாள், கட்டில் ஆடியது. "டேய், கால் ஆடுது, சிரிக்க வெக்காதடா," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். காலித் தூக்கை மறந்துவிட்டு எதிர்வீட்டம்மா போய்விட்டார்கள்.

அவளுக்கு மீதி இருந்த குறை ஒன்றுதான். நடையில் நான் முறுக்கிவைத்த இடம். கட்டுப் பிரித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு முதன்முதலாக நடந்து வந்தவள், அதன் எதிரே நின்றுவிட்டாள்.

"இதுவா நீங்க போட்டது?"

"மணி அடிக்குதே."

"அடிக்குது. ஆனா வர்றவங்க இத நான் பிணைச்சதுன்னு நெனச்சிட்டா?"

அன்றே அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டச் சொன்னாள். இரண்டு ஆணியும் அதற்கு வசதியாக இருந்தன.

எதிர்வீட்டில் பிணைப்பு ஆரம்பித்த அன்று அவளைக் கைத்தாங்கலாகத் தெருவைத் தாண்டி அழைத்துப்போனேன். அங்கே முன்னறையிலேயே இருந்த தறிக்கு முன் நாற்காலி போட்டு, காலை வைக்க ஒரு முக்காலியும் போட்டிருந்தார்கள். தறிக்குக் கற்பூரம் காட்டினார்கள். நான் திரும்பி வந்து என் தறியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே மணி அடித்தது. பழக்கத்தில் எழுந்து ஓடினேன். முன்னறைக் கட்டிலில் மச்சான் படுத்துக்கொண்டு சுச்சை அழுத்திக்கொண்டிருந்தான்.

"ஒரு டீ கெடைக்குமா மாமா?"

ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே அவள் பேசிக்கொண்டே பிணைத்துக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டாள் போலிருக்கிறது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உயர்த்திக் காட்டினாள். இரண்டும் சாம்பலில் வெளுத்திருந்தன. காட்டிவிட்டு, அடுத்த இழையை எடுத்தாள்.